ஈயத்தைப் பார்த்து இளிக்கும் பித்தளை: நம்ம குறை ஏன் அடுத்தவங்ககிட்ட மட்டும் தெரியுது?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை ஒரு நிமிஷம் மனசுக்குள்ள ஓப்பன் பண்ணிக்கோங்க. அதில் கண்டிப்பாக ஒரு பெரியப்பா இருப்பார். "இப்பல்லாம் எவனும் எதையும் சரிபார்க்காம அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடறான்" என்று வருத்தப்பட்டு ஒரு நீளமான மெசேஜ் போடுவார். அந்த மெசேஜுக்கு மேலேயே ரெண்டு அம்புக்குறி இருக்கும். பல கை மாறி வந்த ஃபார்வர்ட் அது.

குரூப்பை மூடிட்டு ஓஎம்ஆர் பக்கம் வாங்க. சிக்னல்ல பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிக்கிறான். அவனைத் திட்டுறதுக்காக இன்னொருத்தர் ஹாரன் அடிக்கிறார். அங்கேயிருந்து ஆஃபீஸ் போனா, மீட்டிங்ல எல்லாரையும் குறுக்கே வெட்டிப் பேசுற ஆள் ஒருத்தர், "இந்த டீம்ல யாரும் யாரையும் பேச விடறதே இல்ல" என்று ஃபீட்பேக் ஃபார்மில் எழுதுறார். அதுவும் மனசார எழுதுறார். நடிக்கல. அதுதான் இன்னைக்கு நமக்கு வேணும்: அவர் நடிக்கல.

இந்த டாபிக்கை எடுக்க ஒரு காரணம் இருக்கு. நம்ம கேட்பவர்களில் ஒருத்தங்க ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பாவுக்கு ப்ரஷர், அம்மாவுக்கு சுகர். அம்மா ஒரு வேளை மாத்திரையை மறந்துட்டா போதும், வீடே அதிருமாம். "உடம்புமேல அக்கறை இருக்கா உனக்கு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பார்க்கிறது?" அதே அப்பா தன்னோட ப்ரஷர் மாத்திரையை வாரத்துல மூணு நாள் விட்டுடுவார். கேட்டா, "எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்." உடனே அம்மா, "முதல்ல நீங்க ஒழுங்கா போடுங்க, அப்புறம் எனக்குச் சொல்லுங்க" என்பார். சண்டை அங்கே முடிஞ்சிடும். அன்னைக்கு ரெண்டு பேருமே மாத்திரை போட்டிருக்க மாட்டாங்க. "அப்பா பொய் சொல்றாரா, இல்ல நிஜமாவே அவருக்குத் தெரியலையா?" இதுதான் அந்தப் பொண்ணோட கேள்வி.

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் சிக்கலானது. படிப்படியா போகலாம்.

பித்தளைக்குள்ளே என்ன இருக்கு?

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை." எல்லாருக்கும் தெரிஞ்ச பழமொழி. ஈயம் மட்டம், ஆனா பித்தளை மட்டும் என்ன தங்கமா, இது என்னத்துக்குச் சிரிக்குது? இதுதான் நேரடி அர்த்தம்.

உங்க பாட்டி வீட்டுச் சமையலறையை யோசிச்சுப் பாருங்க. பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊத்தின குழம்பை நேரடியாக வைக்க மாட்டார்கள். புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் பாத்திரத்தின் உள்பக்கம் ஈயம் பூசுவார்கள். அதற்கென்றே தெருத் தெருவாக ஆள் வருவார்கள். பூச்சு தேய்ந்துவிட்டால் மறுபடியும் பூச வேண்டும். அதாவது, ஈயத்தைப் பார்த்துச் சிரிக்கிற அதே பித்தளை, தன் வயித்துக்குள்ள ஈயத்தைப் பூசிக்கிட்டுத்தான் அடுப்புல உட்கார்ந்திருக்கு. வெளியே பளபளன்னு இருக்கு, அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் கேள்வி மாறுது. உள்ளே இருப்பது பாத்திரத்துக்கு ஏன் தெரியவில்லை? இதுக்கு உளவியல் ஒரே பதில் வச்சிருக்கல. நாலு வேலை ஒண்ணாச் சேர்ந்து நடக்குது.

ஒண்ணு: என்கிட்ட லாக் இருக்கு, உங்ககிட்ட அவுட்புட் மட்டும்தான்

நம்மில் பாதிப் பேர் ஐடி, அதனால் இந்த உதாரணம் சுலபம். என் கோடு உடைஞ்சா, ஏன் உடைஞ்சதுன்னு பார்க்க என்கிட்ட முழு லாக் இருக்கு. ராத்திரி சரியா தூங்கல, ரெக்வயர்மென்ட் கடைசி நிமிஷத்துல மாறுச்சு, டெஸ்ட் சர்வர் டவுன். உங்க கோடு உடைஞ்சா எனக்குத் தெரியறது சிவப்பு எழுத்துல எரர் மெசேஜ் மட்டும். அதனால் என்னுடையது சூழ்நிலை, உங்களுடையது கவனக்குறைவு.

அடுத்தவரின் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டு அவரது குணத்தையே காரணமாகச் சொல்லும் இந்தப் பழக்கத்துக்கு ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் "அடிப்படைக் கற்பிதப் பிழை" என்று சொல்லலாம். "எனக்குச் சூழ்நிலை, உனக்குக் குணம்" என்ற இந்த வித்தியாசம் எல்லா நேரமும் வரும் என்றுதான் ரொம்ப நாள் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2006-ல் பெர்ட்ரம் மால் என்ற ஆய்வாளர் 170-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார். மொத்தமாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் கெட்டது நடந்த சம்பவங்களை மட்டும் தனியாக எடுத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நல்லது நடந்த இடத்தில் அது தலைகீழாகவே ஆகிவிடுகிறது. அப்போது நம் வெற்றிக்கு நம் குணம் காரணம்.

இது தகவல் குறைவு மட்டும் இல்லங்கறது அதிலேயே தெரியுது. வெறும் லாக் பிரச்சினையா இருந்தா நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே மாதிரி வரணும். கெட்டதுக்கு மட்டும் வருதுன்னா, யாரோ லாக்கை எடிட் பண்றாங்க.

2002-ல் எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் மூவரும் இன்னொன்றைச் சோதித்தார்கள். மனிதர்களின் தீர்ப்பில் வரும் பலவகைச் சாய்வுகளை விளக்கிவிட்டு, "இது சராசரி அமெரிக்கருக்கு எவ்வளவு இருக்கும், உங்களுக்கு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் வந்த பதில்: அவங்களுக்கு இருக்கு, எனக்குக் கம்மி. இதைக் கேட்டுட்டு "ஆமா, ஜனங்க இப்படித்தான்"னு உங்களுக்குத் தோணியிருந்தா, அந்த ஜனங்கள்ல நீங்களும் நானும் உண்டுங்கறதை இந்த இடத்துல ஞாபகம் வச்சுக்குவோம்.

ரெண்டு: காசைச் சுண்டினேனே, அப்புறம் என்ன?

லாக்கை எடிட் பண்றது யார்? இதைத் தேடிப் போனவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் பேட்சன். 1990-களின் பிற்பகுதியில் அவர் செய்த சோதனை ரொம்ப எளிமை. இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் லாட்டரிச் சீட்டு கிடைக்க வாய்ப்பு உண்டு, இன்னொன்று வெறும் போர். உங்களுக்கு எது, பக்கத்து அறையில் இருப்பவருக்கு எது என்று நீங்களே முடிவு செய்யலாம். அவருக்கு இந்த விஷயம் தெரியாது. "காசு சுண்டிப் பார்ப்பது நியாயமான வழி என்று பலர் நினைக்கிறார்கள்" என்று சொல்லி ஒரு நாணயத்தையும் கொடுத்துவிட்டு, அறையில் தனியாக விட்டுவிடுவார்கள்.

சுமார் பாதிப் பேர் காசைச் சுண்டினார்கள். நியாயமாகச் சுண்டினால் அவர்களில் பாதிப் பேருக்குத்தான் நல்ல வேலை வந்திருக்க வேண்டும். ஆனால் சுண்டியவர்களில் 90 சதவீதம் பேர் நல்ல வேலையைத் தங்களுக்கே எழுதிக்கொண்டார்கள். முதல் சோதனையில் ஆட்கள் 20 பேர்தான், எண்ணிக்கை சின்னது. ஆனால் பேட்சன் இதை விதவிதமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். போக்கு மாறவில்லை.

இதுல ஒரு விஷயம் பாருங்க. ரூம்ல வேற யாரும் இல்ல. யாரை ஏமாத்தணும்? காசைச் சுண்டாமலே நல்ல வேலையை எடுத்துக்கிட்டிருக்கலாமே. "நான் நியாயமானவன்" என்று தனக்குத்தானே காட்டிக்கொள்வதற்குத்தான் அந்தக் காசு. "பூ விழுந்தா எனக்கா, தலை விழுந்தா எனக்கா? சரி, இன்னொரு தடவை போடலாம்." இப்படி ஒரு சின்ன வழுக்கல் போதும்.

அப்படின்னா உள்ளுக்குள்ள அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு இங்கதான் பாதி பதில் கிடைக்குது. 2008-ல் பியர்கார்லோ வால்டெசோலோ, டேவிட் டிஸ்டீனோ இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் சுலபமான வேலை 10 நிமிடம், கஷ்டமானது 45 நிமிடம். கம்ப்யூட்டரே குலுக்கல் போட்டுப் பிரித்துக் கொடுக்கும், அல்லது நீங்களே பிரிக்கலாம். பெரும்பாலானவர்கள் குலுக்கல் பக்கமே போகாமல் 10 நிமிடத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு "நீங்கள் செய்தது எவ்வளவு நியாயம்?" என்று கேட்டால் தாராளமாக மார்க் போட்டுக்கொண்டார்கள். வேறொரு ஆள் அதையே செய்வதைப் பார்த்தவர்கள் அவருக்குக் கொடுத்த மார்க் குறைவு. இதுவரைக்கும் நாம எதிர்பார்த்ததுதான்.

அடுத்து செய்ததுதான் முக்கியம். சிலரை, மார்க் போடும்போதே ஒரு எண் வரிசையை மனதில் வைத்திருக்கச் சொன்னார்கள். மூளை அந்த எண்களைப் பிடித்து வைப்பதில் மும்முரமாக இருக்கும்போது, தங்களுக்குத் தாங்களே கொடுத்த மார்க்கும் கீழே இறங்கியது. அடுத்தவருக்குக் கொடுக்கும் அளவுக்கே வந்துவிட்டது.

நம்ம பாஷையில சொன்னா, சாக்கு சொல்றதும் ஒரு பேக்கிரவுண்ட் ப்ராசஸ். அது ஓட சிபியு வேணும். சிபியுவை வேற வேலைல நிரப்பிட்டா அந்த ப்ராசஸ் ஓடாது. அப்ப வெளியே வர்ற முதல் பதில், "அது நியாயம் இல்ல." முதல் உணர்வு நமக்கும் சரியாத்தான் இருக்கு. அதுக்கு அப்புறம்தான் வக்கீல் வர்றார்.

மூணு: நினைக்காதேன்னு சொன்னா காவல் போடணும்

இதுவரைக்கும் பார்த்தது, நம்ம குறை நமக்கு ஏன் தெரியல என்பது. அதே குறை அடுத்தவரிடம் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது? உலகத்துல ஆயிரம் குறை இருக்கும்போது குறிப்பா அது மட்டும் ஏன்?

ஃபிராய்டு 1890-களிலேயே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தன்னிடம் இருப்பதைத் தாங்க முடியாமல் மனம் அதை வெளியே இன்னொருவர் மேல் ஏற்றிப் பார்க்கிறது என்றார். புரொஜெக்‌ஷன் என்ற சொல்லை இன்று ரீல்ஸில் எல்லாம் கேட்கிறோமே, அதன் வேர் அங்கேதான். சுமையை அடுத்தவர் தலையில் இறக்கினால் நமக்கு நிம்மதி என்பது அந்த விளக்கத்தின் சாரம்.

நூறு வருஷம் கழித்து வந்த விளக்கம் இன்னும் எளிமையானது. அதற்கு முதலில் ஒரு வெள்ளைக் கரடி. 1987-ல் டேனியல் வெக்னர் குழு, மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காமல் இருக்கச் சொன்னது. நினைப்பு வந்தால் ஒரு மணியை அடிக்க வேண்டும். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி அடித்தது. பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்றபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. காரணம் லாஜிக்கலானது. ஒன்றை உள்ளே விடாமல் இருக்க வேண்டுமென்றால், "அது வந்துடுச்சா, வந்துடுச்சா" என்று ஒரு பகுதி எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாசல்ல ஃபோட்டோவை ஒட்டி வச்சாத்தானே செக்யூரிட்டி ஆளைத் தடுக்க முடியும்?

1997-ல் லெனார்ட் நியூமன், கிம்பர்லி டஃப், ராய் பௌமைஸ்டர் மூவரும் கரடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குறையை வைத்தார்கள். கலந்துகொண்டவர்களிடம், "உங்கள் ஆளுமைச் சோதனையில் இந்தக் கெட்ட குணங்கள் தெரிகின்றன" என்று, உண்மையில் சோதனையோடு சம்பந்தமே இல்லாத ஒரு ரிசல்ட்டைச் சொன்னார்கள். அதில் ஒரு குணத்தைப் பற்றி மட்டும் நினைக்கவே கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு கொஞ்சம் பதற்றமாகப் பேசும் ஒரு ஆளின் வீடியோவைக் காட்டி, அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார்கள். எந்தக் குணத்தை நினைக்கக் கூடாது என்று அடக்கினார்களோ, அதே குணம்தான் அந்த ஆளிடம் அவர்களுக்குத் தூக்கலாகத் தெரிந்தது. மற்ற குணங்களில் அப்படி இல்லை.

இதை அந்த அப்பாவோடு சேர்த்துப் பாருங்க. "நான் என் உடம்பைக் கவனிக்கல" என்ற நினைப்பை உள்ளே விடக் கூடாதுன்னு அவர் தினமும் காவல் போடுறார். அந்தக் காவல்காரன் கையில இருக்கிற ஃபோட்டோ, மாத்திரை போடாத ஒரு ஆளோட ஃபோட்டோ. சமையலறையில அம்மா மாத்திரை போடலைன்னு தெரிஞ்சதும் அலாரம் அடிக்குது. அலாரம் சத்தம் நிஜம். ஆள்தான் வேற.

அதனால் நான் நியூமன் குழுவின் விளக்கத்தை நம்புகிறேன். இதில் அப்பா திட்டம் போட்டு எதையும் அம்மா தலையில் இறக்கவில்லை. தன் குறையை மறைக்கிற வேலையின் பக்கவிளைவாக, அந்தக் குறையைக் கண்டுபிடிப்பதில் அவர் எக்ஸ்பர்ட் ஆகிவிட்டார்.

நாலு: திட்டினா மார்க் கிடைக்குது

இன்னும் ஒரு காரணம் இருக்கு. இது கொஞ்சம் கசப்பு. அடுத்தவரைக் குறை சொல்வதில் லாபம் இருக்கு.

2017-ல் ஜில்லியன் ஜோர்டன், ரோசன்னா சோமர்ஸ், பால் ப்ளூம், டேவிட் ரேண்ட் ஆகியோர், போலித்தனம் செய்பவரை நாம் ஏன் இவ்வளவு வெறுக்கிறோம் என்று ஆராய்ந்தார்கள். ஒருவர் "நான் நேர்மையானவன்" என்று நேராகச் சொல்வதைவிட, நேர்மையில்லாத இன்னொருவரைக் கண்டித்துப் பேசுவதைத்தான் கேட்பவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். புரியுது இல்லையா? "நான் பங்ச்சுவல்" என்று சொன்னால் பெருமை பேசுறான்னு தோணும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு டைம் சென்ஸே இல்ல" என்றால், ஆளு கறாரானவர் போலன்னு தோணும். செலவில்லாமல் ஒரு சர்டிபிகேட்.

அதனால்தான் அந்த ஆளே லேட்டா வர்றார்னு தெரியும்போது நமக்கு அவ்வளவு கோபம் வருது. லேட்டா வந்தது பெரிய விஷயமில்ல. போலி சர்டிபிகேட் கொடுத்து நம்மகிட்ட மரியாதை வாங்கிட்டுப் போயிட்டாரே என்பதுதான் கோபம். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. "இது தப்பு, ஆனா நானே சில நேரம் இதைச் செய்றேன்" என்று ஒப்புக்கொள்பவர்மேல் அந்த வெறுப்பு பெரும்பாலும் வரவில்லை. அவரும் சொல்வது ஒன்று, செய்வது ஒன்றுதான். ஆனால் போலி சர்டிபிகேட் காட்டவில்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

குறை சொன்னவரிடம் குறை இருந்தால், சொன்னது பொய்யா?

இப்ப ஒரு ஆபத்தைப் பற்றிப் பேசணும். இவ்வளவு கேட்டதும் உங்க கையில ஒரு ஆயுதம் வந்துடுச்சு. இனிமே யார் என்ன குறை சொன்னாலும், "நீ புரொஜெக்ட் பண்ற" என்று சொல்லி வாயை அடைக்கலாம். அதைச் செய்யாதீங்க. ஏன்னு காட்ட, வீட்டுச் சண்டையை விட்டுவிட்டு எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய அரசியல் சம்பவத்தை எடுக்கிறேன்.

1998, அமெரிக்கா. அதிபர் பில் கிளின்டன்மீது பிரதிநிதிகள் சபையில் பதவி நீக்கத் தீர்மானம். வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியருடனான உறவு தொடர்பாகச் சத்தியப் பிரமாணத்தின் கீழ் பொய் சொன்னார், நீதி விசாரணைக்குத் தடை போட்டார் என்பது குற்றச்சாட்டு. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் அப்போது சபாநாயகராக இருந்தவர் நியூட் கிங்ரிச். அடுத்த சபாநாயகராகத் தேர்வாகியிருந்தவர் பாப் லிவிங்ஸ்டன். திருமணத்துக்கு வெளியே தனக்கு உறவுகள் இருந்ததை லிவிங்ஸ்டன் அந்த வாரம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். டிசம்பர் 19 அன்று சபையில் எழுந்து, கிளின்டன் பதவி விலக வேண்டும் என்றார். "நீங்க விலகுங்க" என்று எதிர்வரிசையில் கத்தினார்கள். அதே உரையில், தானும் சபாநாயகர் பதவிக்கு வரப்போவதில்லை, விலகுகிறேன் என்று அறிவித்தார். கிங்ரிச் கதை வேறு. அதே காலத்தில் தனக்கும் ஒரு ரகசிய உறவு இருந்ததை அவர் 2007-ல்தான் வெளியே சொன்னார். ஆனால் தான் போலித்தனம் செய்யவில்லை என்றார். கிளின்டன் விஷயத்தில் பிரச்சினை உறவு அல்ல, சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்ன பொய்தான் என்பது அவர் வாதம்.

இதுல ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு. கிளின்டன் பொய் சொன்னாரா என்பது ஒண்ணு. கிங்ரிச்சுக்கு அதைக் கேட்கும் யோக்கியதை இருக்கா என்பது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் முதலாவதுக்கு அது பதில் ஆகாது. கிங்ரிச்சின் ரகசியம் வெளியானதால் கிளின்டன் சொன்ன பொய் உண்மை ஆகிடாது. அதே நேரம், கிளின்டன் பொய் சொன்னதால் கிங்ரிச் சுத்தமாகிடவும் மாட்டார்.

டிக்கெட் போடும் பழக்கம் நமக்கு இருக்கு. ரெண்டு பக்-ஐ ஒரே டிக்கெட்டில் போட்டா என்ன ஆகும்? ஒண்ணை ஃபிக்ஸ் பண்ணிட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுவாங்க. இன்னொண்ணு புரொடக்‌ஷன்ல அப்படியே ஓடிக்கிட்டிருக்கும். நம்ம வீடுகள்ல "நீ மட்டும் என்ன ஒழுங்கா?" என்ற ஒரு வரி செய்யுற வேலை இதைவிட மோசம். ரெண்டு டிக்கெட்டையுமே ஒரே நேரத்துல க்ளோஸ் பண்ணிடும். எதுவுமே ஃபிக்ஸ் ஆகியிருக்காது.

அந்த வீட்டுல அதுதான் நடக்குது. அப்பா சொல்றது சரி, அம்மா சுகர் மாத்திரையை விடக் கூடாது. அம்மா சொல்றதும் சரி, அப்பா ப்ரஷர் மாத்திரையை விடக் கூடாது. ரெண்டு பேரும் சரியான விஷயத்தைச் சொல்றாங்க. ஆனா ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் சொல்றது கேன்சல் பண்ணிடுது. ப்ரஷர், சுகர் ரெண்டும் சத்தமே போடாமல் ரொம்ப நாள் வேலை பார்க்கக்கூடியவை. சண்டையில் யார் ஜெயிச்சாங்க என்று அவை பார்க்காது.

அப்போ என்ன செய்யலாம்?

அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இது. அப்பா பொய் சொல்லல. தெரியாமலும் இல்ல. தெரிஞ்சதை உள்ளே விடாம பார்த்துக்கிறார். அதனால "உங்களுக்கு மட்டும் ரூல் இல்லையா?" என்று கேட்டால் காவல் இன்னும் கெட்டியாகும். வக்கீல் வருவார். வேற மாதிரி கேட்டுப் பார்க்கலாம்.

சாஃப்ட்வேர் உலகத்தில் சர்வர் விழுந்துவிட்டால், அப்புறம் உட்கார்ந்து போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். 2012-ல் ஜான் ஆல்ஸ்பா, எட்ஸி நிறுவனத்தின் இன்ஜினியரிங் பிளாகில், பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம் பற்றி எழுதினார். இன்று பல நிறுவனங்கள் பேசும் முறை அது. தப்பு செய்தவருக்குத் தண்டனை பயம் இருந்தால் நடந்ததை முழுசாகச் சொல்ல மாட்டார். முழு விவரம் வராவிட்டால் அதே தப்பு திரும்ப வரும். அதனால் "யார் செஞ்சது?" என்று ஆரம்பிக்காமல், "அந்த நேரத்துல உங்களுக்கு அது ஏன் சரின்னு பட்டது?" என்று ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் அதன் மையம்.

அப்பாவிடம், அம்மா பக்கத்துல இல்லாத நேரமா பார்த்து, "மாத்திரை போடாத அன்னைக்கு என்னப்பா தோணும்?" என்று கேட்டுப் பாருங்க. "போட்டா தலை சுத்துது" என்று வரலாம். அது டாக்டருக்குப் போக வேண்டிய தகவல். "போன தடவை பார்த்தப்ப நார்மல்தானே இருந்துச்சு" என்று வரலாம். நார்மலாக இருந்தது மாத்திரை போட்டதால்தான் என்பதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். "மாத்திரை போட ஆரம்பிச்சா நான் பேஷன்ட் ஆயிட்டேன்னு அர்த்தம்" என்றுகூட வரலாம். அப்படி வந்தால், அம்மாவைத் திட்டுறப்ப வர்ற சத்தத்தில் எவ்வளவு பயம் கலந்திருக்கு என்பதும் உங்களுக்குப் புரியும். அம்மாவோட மாத்திரை தனி டிக்கெட். அதை இந்தப் பேச்சில் இழுக்க வேண்டாம்.

சரி, நமக்கு? ரெண்டு விஷயம் சொல்றேன்.

முதலாவது, சூட்டைக் கவனிக்கிறது. ஒருத்தரோட குறை நமக்கு எரிச்சல் தரலாம், தப்பில்ல. ஆனா விஷயத்தோட சைஸுக்கும் நம்ம கோபத்தோட சைஸுக்கும் சம்பந்தமே இல்லாம இருந்தா, அது அவரைப் பற்றிய தகவல் மட்டும் இல்ல. அப்ப ரெண்டு டிக்கெட் போடுங்க. "அவர் செஞ்சது தப்பா?" ஒண்ணு. "எனக்கு ஏன் இவ்வளவு சூடு?" இன்னொண்ணு. ரெண்டாவதுல எதுவுமே கிடைக்காமலும் போகலாம். ஒருத்தர்மேல கோபம் வர்றதெல்லாம் நம்ம குறையோட நிழல் கிடையாது. அநியாயத்தைப் பார்த்துக் கோபப்படுறவங்களை உட்கார்த்தி வச்சு ஆராய்ச்சி பண்ண வேண்டிய அவசியமும் இல்ல.

ரெண்டாவது, "நானும்" என்ற ஒரு சொல். ஜோர்டன் குழு கண்டது ஞாபகம் இருக்கா? ஒப்புக்கொண்டு சொல்பவரை ஜனங்கள் வெறுப்பதில்லை. "நீ எந்நேரமும் போன்ல இருக்க" என்பதும், "நானும்தான் எந்நேரமும் போன்ல இருக்கேன், ரெண்டு பேரும் சாப்பிடறப்ப மட்டும் எடுக்காம இருக்கலாமா?" என்பதும் ஒரே குறையைத்தான் சொல்லுது. ரெண்டாவதுல எதிராளிக்கு "நீ மட்டும் என்ன?" என்று திருப்பி அடிக்க இடமே இல்ல. நமக்கும் காவல் போடுற வேலை மிச்சம்.

பேட்சன் கதையில் ஒரு பாக்கி இருக்கு. அதைச் சொல்லி முடிச்சுக்கிறேன். 1999-ல் அவர் அதே காசு சுண்டும் சோதனையில் ஒரே ஒரு பொருளைச் சேர்த்தார். அறையில் ஒரு கண்ணாடி. நியாயமாக இருப்பது முக்கியம் என்று முதலில் நினைவூட்டிவிட்டு, அந்தக் கண்ணாடிக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். காசைச் சுண்டியவர்களில் நல்ல வேலையைத் தனக்கு எழுதிக்கொண்டவர்கள் இந்த முறை சரியாகப் பாதிப் பேர். காசு எப்படி விழுந்ததோ அப்படியே விட்டுவிட்டார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை, யாரும் திட்டவில்லை. தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காசைத் திருப்பிப் போடக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்க ஆள் மாறி, ஆஃபீஸ் மாறி, வீடு மாறினாலும், போற இடத்துல எல்லாம் யார்கிட்டயாவது கண்டுபிடிக்கிற ஒரே குறை எது? அதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம். அந்த அப்பா கடைசியில என்ன சொன்னார்னு அந்தத் தங்கச்சியும் எழுதுறேன்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் சொல்றேன். அடுத்த வாரம் பார்ப்போம்.